வெளிச்சம் படாத கன்னம்

தோராவுக்குக் கண் தெரியாது. ஆனாலும் சுவரில் தொங்கிய படத்துக்குள் ஆள் கூடிவிட்டது என்று முதலில் கண்டுபிடித்தவள் அவள்தான்.

"அன்டன், அந்தப் படத்துக்குள் யாரோ இருமுகிறார்கள்" என்றாள். மே மாதம் ஐந்தாம் திகதி, செவ்வாய்க்கிழமை, பின்னேரம் ஆறரை மணி. யன்னலுக்கு வெளியே வெயில் நன்றாக எறித்துக்கொண்டிருந்தது. குழாய் சொட்டுகிறது, போய்ப் பூட்டிவிட்டு வா என்று சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

அந்தோனிதாசன் அவளுடைய வீங்கிய காலிலிருந்து இறுக்கக் காலுறையை உரித்துக்கொண்டிருந்தான். கை அப்படியே நின்றுவிட்டது. படம் இருமாது என்பது அவனுக்குத் தெரியும். தொண்ணூற்றொரு வயதில் காதுக்குள் என்னென்னவோ கேட்கும் என்பதும் தெரியும், முதியோரைப் பராமரிக்கிற வேலையில் பதினாறு வருஷம் இருக்கிறான். அவன் பயந்தது வேறொன்றுக்கு. அந்தப் படத்துக்குள் இருமக்கூடிய ஒரு பிள்ளையைக் கொண்டுபோய் வைத்தவன் அவன்தான். அவளுக்கு அது தெரியாது.

முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

டென்மார்க்கில், ஹொல்ஸ்டெப்ரோ நகரத்தில் அவனுக்கு முதியோரை வீடு வீடாகப் போய்ப் பராமரிக்கிற வேலை. ஒரு சின்னக் கார், ஒரு பின்னேரத்துக்குப் பதினொரு வீடு. காலுறை கழற்ற ஆறு நிமிஷம், கண்ணுக்கு மருந்துவிட இரண்டு நிமிஷம், கறுப்புப் பாணில் வெண்ணெய் பூசி வைக்க ஐந்து நிமிஷம் என்று எல்லாம் எழுதிக் கொடுத்திருப்பார்கள். கிழடுகள் கதைக்க ஆசைப்படுமே, அதற்கு எத்தனை நிமிஷம் என்று மட்டும் ஒருவரும் எழுதவில்லை. தோரா முப்பத்தெட்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை விரட்டிய மனுசி. கண் போனாலும் அதிகாரம் போகவில்லை. வேலை முடிந்து சப்பாத்தைப் போடப் போனால், "எங்கே ஓடுகிறாய்? படத்தைச் சொல்லிவிட்டுப் போ" என்பாள்.

மற்ற வேலைக்காரப் பிள்ளைகள் "வடிவான படம், தோரா" என்று ஒரு வார்த்தையில் முடித்துக்கொண்டு ஓடிவிடுவார்கள். அவனுக்கு அப்படி ஓட வராது. அவளுடைய கதிரைக்குப் பக்கத்தில் நின்று, தன் ஓட்டை டெனிஷில், மூன்று நிமிஷம் அந்தப் படத்தைச் சொல்வான்.

சும்மா சொல்லக்கூடாது, முதலில் பார்த்தபோது இதில் என்ன கிடக்கிறது என்றுதான் அவனுக்கு இருந்தது. அவளுடைய தாத்தா காலத்துப் படம், நூற்றிருபது வருஷமாவது இருக்கும். அதில் அரசன் இல்லை, கப்பல் இல்லை, சிறகு வைத்த சம்மனசு இல்லை. வெறும் ஒரு வீட்டறை. இடப்பக்கம் ஒரு யன்னல். யன்னலடியில் கறுப்புச் சட்டை போட்ட ஒரு வேலைக்காரப் பெண், பார்க்கிறவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தலையைக் கொஞ்சம் குனிந்து நிற்கிறாள். யன்னலால் வருகிற வெளிச்சம் அவளுடைய பின்கழுத்தில் பட்டு, மேசை விரிப்பில் வழிந்து, அதில் கிடக்கிற பாணின் மேலோட்டில் பட்டு, நிலப்பலகையில் நாலு சதுரமாக விழுந்து கிடக்கும். அதற்கு அங்கால் வெளிச்சம் மங்கி மங்கிப் போகும். வலப்பக்கத்தில் அறையைச் சூடாக்குகிற உயரமான இரும்பு அடுப்பு. அடுப்புக்குப் பின்னால் மூலை. அந்த மூலையில் கபில நிறமும் கறுப்பும் தவிர வேறொன்றும் இல்லை.

"அறையில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும். வெளிச்சம் எதன் எதன் மேல் படுகிறது, அதைச் சொல்" என்று தோரா கேட்பாள். அவனும் கழுத்திலிருந்து தொடங்கி நிலம் வரைக்கும் சொல்வான். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, "சரி, போ" என்பாள். இரண்டு வருஷமாக இதுதான் நடந்தது.

அவனுடைய தங்கச்சி றெஜினா வன்னியில் இருந்தாள். மன்னாரில் கலியாணம் செய்து, அங்கிருந்து மடு, மடுவிலிருந்து கிளிநொச்சி, பிறகு புதுக்குடியிருப்பு, பிறகு மாத்தளன் என்று சனத்தோடு சனமாகத் தள்ளுப்பட்டுக் கடற்கரைக்கு வந்திருந்தாள். மாசி மாதம் ஷெல்லில் புருஷன் போய்விட்டான். மிச்சம் அவளும் இரண்டு வயசுப் பிள்ளையும். பிள்ளைக்கு நிலுஷா என்று பேர். பேர் மட்டும்தான் அந்தோனிதாசனுக்குத் தெரியும். ஒரு படம்கூட வந்து சேரவில்லை.

பெரிய வெள்ளிக்கு அடுத்த கிழமை, ஆரோ ஒருவருடைய சற்றலைற் போனில் இரண்டு நிமிஷம் கதைத்தாள்.

"சனம் கடல்நீரேரியால அங்கால போகுதுகள் அண்ணை. நாங்களும் வெளிக்கிடட்டோ?"

அவன் அதற்கு முதல் நாள்தான் யுத்தத்தை நிறுத்தச் சொல்லிக் கொப்பனேகனில் நடந்த ஊர்வலத்துக்குப் போய்விட்டு வந்திருந்தான். அங்கே எல்லாரும் கப்பல் வருகுது, வெளிநாட்டுக் கப்பல், சனத்தை ஏற்றப் போகுது என்று கதைத்தார்கள். சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. நம்பினார்கள். அவனும் நம்பினான்.

"வெளிக்கிடாதை. போற வழியில சுடுறாங்களாம். கப்பல் வருமாம். ரெண்டு கிழமை பொறு. பங்கருக்குள்ளயே இரு."

"ஓம் அண்ணை" என்றாள். லைன் அறுந்துவிட்டது.

நாலு நாள் கழித்து மாத்தளனில் லட்சம் சனம் நீரேரியைக் கடந்து வந்துவிட்டது. இங்கே டென்மார்க்கில் சொந்தங்களைத் தேடிக்கொண்டிருந்தவர்களில் பாதிப்பேருக்கு முகாமிலிருந்து செய்தி வந்தது. பக்கத்து நகரமான ஹேர்னிங்கில் இருக்கிற செல்வரட்ணத்தின் குடும்பம் முழுக்க உயிரோடு வந்து சேர்ந்தது. றெஜினாவின் பேர் எந்தப் பட்டியலிலும் இல்லை. கப்பலும் வரவில்லை.

தங்கச்சிக்குத் தான் என்ன சொன்னான் என்பதை அவன் தன் மனுசி அமலராணிக்குக்கூடச் சொல்லவில்லை. அவனுக்கு அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. பல்லுப் பிடுங்கப் போடுகிற ஊசியை உடம்பு முழுக்கப் போட்டுவிட்டதுபோல இருந்தது. வீட்டில் தொலைக்காட்சி இருபத்துநாலு மணித்தியாலமும் ஓடியது. அமலராணி சோறு போட்டால் சாப்பிட்டான். ருசி தெரியவில்லை. கடமை நேரம் வந்தால் காரை எடுத்துக்கொண்டு போனான். பதினொரு வீடு, பதினொரு சோடிக் காலுறை.

ஏப்ரல் கடைசி வியாழக்கிழமை தோரா வழமைபோலப் படத்தைச் சொல்லச் சொன்னாள். அவன் கழுத்தைச் சொன்னான், மேசை விரிப்பைச் சொன்னான், பாணைச் சொன்னான், நிலத்தில் கிடந்த நாலு சதுரத்தைச் சொன்னான். அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அந்தப் படத்து அறையைப் பார்த்தபடி நின்றபோது ஒன்று தோன்றியது. அங்கே சத்தம் இல்லை. தடித்த சுவர். மேலே ஓட்டுக்கூரை. மேசையில் பாண். நூற்றிருபது வருஷமாக ஒரு குண்டும் விழாத அறை.

"அடுப்புக்குப் பின்னால் ஒரு பெண் இருக்கிறாள்" என்று அவனுடைய வாய் சொன்னது.

தோரா கண்ணைத் திறந்தாள்.

"நிலத்தில் இருக்கிறாள். மடியில் பிள்ளை. பிள்ளை அவளுடைய கழுத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறது. பிள்ளையின் ஒரு கன்னத்தில் கொஞ்சம் வெளிச்சம் படுகிறது."

அவ்வளவுதான் அவனால் சொல்ல முடிந்தது. காணாத பிள்ளைக்கு வேறென்னத்தைக் கொடுப்பது? ஒரு கன்னம் கொடுத்தான்.

"நான் எண்பது வருஷம் பார்த்த படம். அங்கே யாரும் இல்லை" என்றாள் தோரா.

"இருட்டு மூலை. கவனித்திருக்கமாட்டீர்கள்."

கண் தெரியாத மனுசிக்கு அவன் சொன்ன முதல் பொய் அது. அவள் ஏசுவாள் என்று நினைத்தான். ஏசவில்லை. "நல்லது. அவ்வளவு பெரிய அறைக்கு அந்த யன்னலடிப் பெண் தனி ஆளாக இருந்தது எனக்கும் ஒரு மாதிரித்தான் இருந்தது" என்றாள்.

அன்றிரவு அந்தோனிதாசன் இரண்டு கிழமைக்குப் பிறகு விடியுமட்டும் நித்திரை கொண்டான். தங்கச்சியை எங்கேயோ பத்திரமாக இருத்திவிட்டு வந்ததுபோல ஒரு நிம்மதி. வெட்கக்கேடுதான், ஆனால் நிம்மதி. அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் அவர்களையும் சேர்த்தே சொன்னான். இருக்கிறாள், பிள்ளை மடியில், கன்னத்தில் வெளிச்சம்.

அதற்குப் பிறகுதான் அந்தச் செவ்வாய்க்கிழமை தோரா இருமல் கேட்கிறது என்றாள்.

"பக்கத்து வீட்டில் இருக்கும்" என்றான் அவன்.

"பக்கத்து வீடு மார்ச்சிலிருந்து பூட்டிக் கிடக்கிறது. சின்னப் பிள்ளை இருமல். ஈரத்தில் படுத்த பிள்ளை மாதிரி" என்றாள் அவள். பிறகு, "அந்தப் பாண் அவளுக்கு எட்டாது, அன்டன். மேசை தூரத்தில் அல்லவா இருக்கிறது? நீ இதை யோசிக்கவில்லை" என்றாள்.

அவன் யோசிக்கவில்லை. உண்மைதான்.

அடுத்த நாட்களில் அந்த வீட்டுக்குள் நுழையும்போதே ஒரு மணம் வரத் தொடங்கியது. தோராவின் வீட்டில் எப்போதும் இருக்கிற பழைய கோப்பி மணமும் சவர்க்கார மணமும் மரத்தளபாடத்துக்குப் பூசுகிற மெழுகு மணமும்தான் முதலில் மூக்கில் படும். அவற்றுக்குக் கீழே, நிலத்தோடு ஒட்டினமாதிரி, ஈரமண்ணின் மணம் ஒன்று. இருபது வருஷத்துக்கு முதல் ஊரில் பங்கர் வெட்டிப் படுத்தவனுக்கு அந்த மணத்தை ஒருவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. மண்மூட்டை தைக்கக் கிழித்த சேலைத்துணி ஈரத்தில் பழுதாகிற மணமும் அதற்குள் இருந்தது. அவன் யன்னலைத் திறந்துவிட்டான். வெளியே லைலக் பூத்திருந்தது. அந்த வாசம் உள்ளே வந்து, மண் மணத்தில் மோதி, அங்கேயே நின்றுவிட்டது.

படத்துக்கு நேர் கீழே, சுவரோடு சேர்ந்த நிலப்பலகையில், ஒரு கைப்பிடி மணல் கிடந்தது. வெள்ளை மணல். மேற்குக் கடற்கரை கிட்டத்தானே, சனி ஞாயிறில் எல்லாரும் கடலுக்குப் போகிறார்கள், ஆருடைய சப்பாத்திலாவது வந்திருக்கும் என்று கூட்டி அள்ளினான். மறுநாளும் கிடந்தது. அதையும் அள்ளினான்.

பணியாளர்கள் எழுதிவைக்கிற கொப்பியில் காலை வேலைக்கு வருகிற பிள்ளை எழுதியிருந்தாள்: தோரா படத்துக்குக் கீழே ஒரு சாப்பாட்டுக் கோப்பையில் பாண் வைக்கச் சொல்கிறார். நேற்று வைத்தேன். யாரும் சாப்பிடவில்லை என்று காலையில் அழுதார்.

தோரா அழுகிற ஆளில்லை. அவளுடைய மகன் செத்த அன்றும் அவள் அழவில்லை என்று தெருவில் சொல்வார்கள்.

மே பன்னிரண்டாம் திகதி அவன் அந்த மூலையைக் கண்டான்.

அந்த மாதத்தில் ஏழு மணிக்கும் வெயில் தாழ்ந்துதான் இருக்கும், மறையாது. தோராவின் மேற்கு யன்னலால் வந்த வெயில் சுவரில் நகர்ந்து நகர்ந்து படத்தின் வலப்பக்கம் ஏறியிருந்தது. அவன் தற்செயலாகத் திரும்பினான். அடுப்புக்குப் பின்னால், கபிலத்துக்குள், ஒரு முழங்கால். மடக்கின முழங்காலின் மேல்விளிம்பில் மட்டும் ஒரு மெல்லிய வெளிச்சக் கோடு. அதற்கு மேலே துணி மடிப்பு. அதற்கும் மேலே, பெருவிரல் நகமளவில், மங்கிய மஞ்சளாக, ஒரு கன்னம்.

கிட்டப் போனான். நகத்தால் தொட்டுப் பார்த்தான். வர்ணம் காய்ந்து கல்லுப்போல இருந்தது. பழைய படங்களில் வர்ணம் வெடித்துச் சிலந்திவலை மாதிரிக் கோடு ஓடியிருக்குமே, அந்த வெடிப்புகள் மேசையிலிருந்து புறப்பட்டு, அடுப்பைக் கடந்து, அந்த முழங்காலையும் கன்னத்தையும் குறுக்கறுத்து, சட்டம் வரைக்கும் ஒரே ஓட்டமாக ஓடியிருந்தன. புதிதாக ஆரும் கீறவில்லை. படத்தைக் கீறிய நாளிலிருந்தே அது அங்கே இருந்திருக்கிறது.

அவனுக்கு நெஞ்சு அடைத்திருக்க வேண்டும். அடைக்கவில்லை. தோராவின் கண்ணுக்கு மருந்தை விட்டான். கொப்பியில் கையெழுத்து வைத்தான். மற்ற வீட்டுக்குப் போனான்.

பதினெட்டாம் திகதி எல்லாம் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சி சொன்னது. யுத்தம் முடிந்தது. கொழும்பில் வெடி கொளுத்தினார்கள். அமலராணி வரவேற்பறை நிலத்தில் இருந்தபடி, சத்தம் வராமல், வாயைத் திறந்து திறந்து மூடினாள். பிறகு அவனைப் பார்த்துக் கேட்டாள்.

"ஞாயிறு பூசைக்குப் பேர் குடுக்கச் சொல்லி யோசேப் அண்ணை போன் எடுத்தவர். செத்த ஆக்களின்ர பேர். றெஜியின்ர பேரைக் குடுக்கிறதோ?"

"குடுக்காதை."

"பிறகு?"

"அவள் இருக்கிறாள்" என்றான். எங்கே என்று அவள் கேட்கவில்லை. நல்லகாலம்.

அன்றைக்கும் வேலைக்குப் போனான். போகாமல் வீட்டில் என்ன செய்வது? காருக்குள் அவன் ஒரு முடிவு எடுத்திருந்தான். சொல்லி உள்ளே வைத்தவன் சொல்லி வெளியே எடுத்தால் போயிற்று. அவர்கள் அங்கே இருக்கிறபடியால்தான் இங்கே எந்தப் பட்டியலிலும் வரவில்லை. அப்படித்தான் அவனுக்குத் தோன்றியது. சிரிக்காதீர்கள். அந்தக் கிழமை எங்கள் ஆட்கள் நம்பினதெல்லாம் இதைவிடப் பெரிய விசயங்கள்.

தோராவின் முன்னால் நின்று கழுத்து, விரிப்பு, பாண், நாலு சதுரம் எல்லாம் சொன்னான். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "அடுப்புக்குப் பின்னால் இருந்த பெண் எழும்பிவிட்டாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாள். கதவைத் திறந்து வெளியே போகிறாள்" என்றான்.

"எந்தக் கதவு?" என்றாள் தோரா.

அவன் படத்தைப் பார்த்தான்.

"அந்த அறைக்குக் கதவு இல்லை, அன்டன். சின்ன வயதிலேயே நான் தேடியிருக்கிறேன். ஒரு யன்னல் இருக்கிறது. அதை அந்த வேலைக்காரப் பெண் மறித்துக்கொண்டு நிற்கிறாள்."

முழங்கால் அதே இடத்தில் மடங்கியிருந்தது. கன்னம் அதே இடத்தில் மங்கலாக மினுங்கியது. இடப்பக்கம், வலப்பக்கம், பின்சுவர். எங்கேயும் கதவு இல்லை. இரண்டு வருஷமாகச் சொன்னவன் இதைப் பார்க்கவே இல்லை.

இருமல் கேட்டது. இந்தமுறை அவனுக்கும் கேட்டது.

வியாழக்கிழமை ஆண்டவரின் விண்ணேற்றத் திருநாள். டென்மார்க்கில் அன்றைக்கு எல்லாம் பூட்டு. தெருவில் ஒரு கார் இல்லை. சைக்கிள் இல்லை. கொடிக்கம்பங்களில் கொடி அசையாமல் தொங்கியது. தோரா கதிரையில் நிமிர்ந்து இருந்தாள். அவளுடைய மடியில் ஒரு கோப்பையில் பாண்.

"இன்றைக்கு அவள் பேசுகிறாள். உன்னுடைய மொழியாக இருக்க வேண்டும்" என்றாள்.

அந்தோனிதாசன் படத்தைப் பார்க்காமல் முழந்தாளிட்டு அவளுடைய வலது காலுறையைக் கழற்றினான். இடது காலுறையைப் பிடித்தபோது சட்டைப் பைக்குள் போன் அடித்தது. இலக்கம் விழவில்லை. காதில் வைத்தான்.

"அண்ணை."

நிலத்தில் இருந்துவிட்டான். "றெஜி? றெஜியோ?"

"ஓம் அண்ணை. நான்தான்."

"ஐயோ மாதாவே!" அந்த ஒரு மாதத்தில் முதல்தடவையாக அவனுடைய கண்ணில் தண்ணீர் வந்தது. மரத்துக் கிடந்த இடமெல்லாம் வலித்தது. அந்த வலியே சந்தோசமாக இருந்தது. "எங்கயடி நிக்கிறாய்? செட்டிக்குளமோ? எந்த முகாம்?"

"தெரியேல்லை அண்ணை. ஒரு அறை. குளிருது."

"பிள்ளை?"

"மடியில இருக்கு. இருமல் நிக்குதில்லை."

"ஆமிக்காரர் நிக்கினமோ? ஆர் இருக்கினம் உன்னோட?"

"ஒருத்தருமில்லை. யன்னலடியில ஒரு வெள்ளைக்காரப் பெட்டை நிக்குது. கறுப்புச் சட்டை. எத்தினை தரம் கூப்பிட்டும் திரும்புதில்லை. மேசையில பாண் கிடக்கண்ணை. எழும்ப ஏலாமக் கிடக்கு."

அறையில் வெயில் இருந்தது. கடிகாரம் ஓடியது. தோராவின் காலுறை அவனுடைய கையில் இருந்தது. நிமிர்ந்து பார்க்கக்கூடாது என்று மட்டும் தெரிந்தது.

"ஆரின்ர போனில கதைக்கிறாய்?" என்று கேட்டான்.

"என்னட்டைப் போன் இல்லையே அண்ணை. சும்மாதான் கதைக்கிறன்."

போனைக் காதிலிருந்து எடுத்தான். அணைத்தான். தரையில் வைத்தான்.

"கேக்குதோ அண்ணை?" என்றது குரல். அதே தூரத்தில். படம் தொங்கிய சுவரிலிருந்து.

"அவள்தான்" என்றாள் தோரா. "நான் சொன்னேனே."

"வெளிய வா றெஜி." அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு சொன்னான். "எழும்பி வா. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வா."

"எப்பிடி வாறது? கதவில்லை. நீங்கள் இருக்கச் சொன்ன இடத்திலதானே இருந்தனான் அண்ணை. ரெண்டு தரமும்."

குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனைக் கொன்றது.

"கப்பல் வருமெண்டு நினைச்சுத்தான் சொன்னனான். நான் வேணுமெண்டு சொல்லேல்லை. சத்தியமாச் சொல்லேல்லை."

"தெரியுமண்ணை. அதை விடுங்கோ. ஒண்டு மட்டும் செய்யுங்கோ." இருமல். சின்ன இருமல். நனைந்த இருமல். "பிள்ளையின்ர ஒரு கன்னத்தைத்தான் நீங்கள் சொன்னனீங்கள். மற்றப் பக்கம் ஒண்டுமில்லை. கையை வைச்சுப் பாத்தா வெறும் துணிதான் தட்டுப்படுது. சாக்குத் துணி மாதிரி. அந்தப் பக்கத்தையும் சொல்லிவிடுங்கோ."

அவன் வாயைத் திறந்தான்.

என்ன நிறக் கண்? தெரியாது. றெஜியின் மூக்கா, அவளுடைய புருஷனின் மூக்கா? தெரியாது. சுருட்டை முடியா? பல்லு எத்தனை முளைத்தது? தெரியாது. ஒரு படம் அனுப்பு என்று ஒருநாளாவது கேட்டானா? கப்பலைப் பற்றிக் கதைத்தான்.

"சொல்லுங்கோ அண்ணை."

"சொல், அன்டன்." தோராவும் பாண் கோப்பையை நீட்டியபடி சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பினாள். "வெளிச்சம் எதன் மேல் படுகிறது?"

வாய் திறந்தபடியே இருந்தது.

"நீங்கள் காணேல்லையெல்லோ" என்றாள் றெஜினா, மெதுவாக. "பொறுங்கோ. காட்டிவிடுறன். போ அம்மா. மாமாட்டைப் போ."

மணல் சரிகிற சத்தம். வெறுங்கால். பலகையில். ஒன்று. இன்னொன்று.

அவன் கண்ணைத் திறந்தான்.

படத்து நிலத்தில் வெளிச்சம் நாலு சதுரமாக விழுந்து கிடந்தது. முதல் சதுரத்துக்குள் ஒரு பிள்ளை வந்து நின்றது. யன்னல் பக்கத்துக் கன்னம் மஞ்சளாக, உருண்டையாக, அவன் சொன்னது போலவே இருந்தது. பிள்ளை அவன் பக்கம் முகத்தை முழுதாகத் திருப்பியது. மற்றப் பாதியில் கண் இல்லை, நிறம் இல்லை. குறுக்கும் நெடுக்குமாக நெய்த, வர்ணம் பூசாத படத்துணி மட்டும் இருந்தது. பிள்ளை மூச்சு எடுத்தது. துணி உள்ளே ஒட்டி, வெளியே உப்பி, மறுபடி உள்ளே ஒட்டியது.